ஃபிட்டிங் இலவசம்

கார்க் கடன் கேட்டு வருவோர், விற்பனையகத்தின் விலைப்பட்டியலோடு சில வேளைகளில் இன்னொரு தாளையும் மேசைமீது வைப்பதுண்டு. அது கார் அலங்காரப் பொருள்கள் விற்கும் கடை ஒன்றின் கொட்டேஷனாக இருக்கும். இருக்கை உறை, தரை விரிப்பு, பின்பக்கக் கேமரா என்று தொடங்கி, "மியூசிக் சிஸ்டம்" என்ற தலைப்பின்கீழ் நான்கைந்து வரிகள் காணப்படும். கடந்த மாதம் குருகிராமில் பணிபுரியும் தமிழ் இளைஞர் ஒருவர் தில்லியில் உள்ள எங்கள் கிளைக்குக் கொண்டுவந்த தாளிலும் அப்படியே இருந்தது. ஆம்ப்ளிஃபையருக்கு ஒரு விலை, முன்கதவு ஸ்பீக்கர்களுக்கு ஒரு விலை, சப்வூஃபருக்கு ஒரு விலை. கடைசி வரியில் விலைக்குப் பதிலாக இரண்டு சொற்கள்: ஃபிட்டிங் இலவசம்.

இந்தத் தொகை கடனில் சேருமா, சேராதா என்பது விதிகளைப் பொறுத்தது. அதைப் பற்றி இங்கே எழுத முற்படவில்லை. எனக்கு உடன்பாடு இல்லாதது அந்தக் கடைசி வரியோடுதான். காரில் பொருத்தும் ஒலிப்பெருக்கியின் பயன் பெட்டிக்குள் இருக்கும் பொருளில் பாதி என்றால், அதை இணைப்பதிலும் அளவறிந்து சரிசெய்வதிலும் மறுபாதி இருக்கிறது. மறுபாதியை இலவசமாகப் பெறுகிறோம் என்றால் பெரும்பாலும் அதைப் பெறவில்லை என்றே பொருள். பொருளின் விலையில் ஆயிரம் ரூபாய்க்கு வாதாடும் நாம், வேலைக்கு ஒரு வரியும் விலையும் கேட்டு வாங்க வேண்டும் என்பது என் கருத்து. ஒரு முறை இலவச ஃபிட்டிங்கைப் பெற்று அனுபவித்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் தில்லிக்கு மாற்றலாகி வந்தபோது, ஐந்து வயதான என் காருக்கு நல்ல ஒலியமைப்பு வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கார் உபரிப் பொருள்களுக்குப் பெயர்பெற்ற கரோல் பாக் பகுதிக்கு ஒரு சனிக்கிழமை சென்றேன். நான்கு சேனல் ஆம்ப்ளிஃபையர் ஒன்று, முன்கதவுகளுக்கு ட்வீட்டரோடு கூடிய ஸ்பீக்கர் இணை, பின்னால் வைக்கப் பத்து அங்குல சப்வூஃபர் ஒன்று. பெட்டியின்மேல் "1200 வாட்" என்று பொன்னிற எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். சாலையோரத்திலேயே காரை நிறுத்தி, இரண்டு இளைஞர்கள் ஒன்றரை மணி நேரத்தில் வேலையை முடித்தார்கள். முடித்ததும் அவர்களில் ஒருவர் ஒலியைக் கூட்டிக் காட்டினார். கண்ணாடி அதிர்ந்தது, பக்கத்துக் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். அதுவே தரச் சான்று என்று நானும் நம்பினேன். வணிகவியல் படித்தவன் நான். ஓம் விதியைப் பள்ளிக்கூடத்தோடு விட்டவன்.

அந்த ஆண்டுதான் அம்மா மறைந்தார். சில மாதங்கள் கழித்து அப்பா ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கினார். ஹரித்வார் போய்வர வேண்டும் என்பது அவர் விருப்பம். பயணத்தில் அவர் கேட்கட்டும் என்று, எங்கள் ஊர்ப் பக்கத்து நாதஸ்வர வித்வான் ஒருவரின் கோயில் கச்சேரிப் பதிவை எடுத்துவைத்திருந்தேன். அம்மாவுக்கும் அவருக்கும் பிடித்த பதிவு. எழுபத்தெட்டு வயதில் அப்பாவின் செவி சற்று மந்தம். அதனால் மீரட் தாண்டும் முன்பே ஒலியை நன்றாகக் கூட்டிவைத்தேன். ஆலாபனை தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அப்பா காதோரம் கையை வைத்துக்கொண்டு, "கொஞ்சம் நிறுத்திடுப்பா" என்றார். பிடிக்கவில்லையா என்று கேட்டேன். "பிடிக்காம என்ன? ஒண்ணும் புரியலை. எல்லாம் சேர்ந்து கத்துது" என்றார். ரூர்க்கி வரை காரில் பேச்சும் இல்லை, இசையும் இல்லை. திரும்பி வரும்போதும் நான் அதைத் தொடவில்லை.

அடுத்த வாரமே இடப்பக்க ட்வீட்டர் ஊமையானது. விற்ற கடையில், "அதிக சத்தம் வைத்திருப்பீர்கள், வாரண்டி கிடையாது" என்று சொல்லிவிட்டார்கள். செங்கோட்டைக்கு எதிரே உள்ள லாஜ்பத் ராய் மார்க்கெட்டில் ஆம்ப்ளிஃபையர் பழுதுபார்க்கும் முதியவர் ஒருவரைப் பற்றிச் சக அலுவலர் சொன்னார். அங்கே காரைக் கொண்டுபோய் நிறுத்த இடம் ஏது? அவருடைய கடை அடைத்திருக்கும் ஞாயிற்றுக்கிழமையில், கைப்பை ஒன்றோடு எங்கள் குடியிருப்புக்கே வந்தார். நான் ட்வீட்டரைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை. காரின் முன்மூடியைத் திறக்கச் சொன்னார்.

பேட்டரியின் நேர் முனையிலிருந்து சிவப்பு வயர் ஒன்று புறப்பட்டு, இயந்திர அறைக்கும் உள்ளறைக்கும் இடையிலான இரும்புத் தகட்டின் துளை வழியே உள்ளே சென்றது. துளையின் விளிம்பில் ரப்பர் வளையம் இல்லை. அந்த இடத்தில் வயரின் மேலுறை தேய்ந்து, நகக்கண் அளவுக்கு உள்ளிருக்கும் உலோகம் தெரிந்தது. "ஃபியூஸ் எங்கே, சாப்?" என்று கேட்டார். பின்னால், ஆம்ப்ளிஃபையருக்கு அருகில் இருந்தது. அவர் சிரிக்கவில்லை. ஃபியூஸ் காப்பது ஆம்ப்ளிஃபையரை அல்ல, வயரை. பேட்டரியிலிருந்து ஏறத்தாழ 45 சென்டிமீட்டருக்குள் அது இருந்தாக வேண்டும். பின்னால் வைத்தால், பேட்டரியிலிருந்து டிக்கி வரையிலான நான்கைந்து மீட்டர் வயருக்குக் காவலே இல்லை. தேய்ந்த இடம் தகட்டைத் தொட்டால், கார் பேட்டரி ஒரு நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியரை அந்த வயரில் தள்ளும். வயர் பழுக்கும், அதன்மேல் இருப்பது தரைவிரிப்பும் பஞ்சும். ஹரித்வாருக்கும் திரும்பவும் நானூறு கிலோமீட்டருக்கு மேல் அப்பாவை அந்த வயரின்மேல் உட்காரவைத்து அழைத்துச் சென்றிருக்கிறேன். அன்று அந்தத் தேய்மானத்தைப் பார்த்தபோது ட்வீட்டரை மறந்தே போனேன்.

பிறகு அவர் வயரின் நுனியைப் பிளேடால் சுரண்டிக் காட்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. செம்பு பூசிய அலுமினியம். செம்பின் கடத்துதிறனில் இதற்கு மூன்றில் இரண்டு பங்குகூட வராது. எனவே, அதே மின்னோட்டத்துக்கு இன்னும் தடித்த வயர் வேண்டும். கடையில் போட்டிருந்ததோ மெல்லியது. ரப்பர் உறையின் தடிமனைக் கண்டு ஏமாந்திருக்கிறேன். எர்த் வயரைப் பெயின்ட் அடித்த பகுதியின்மேலேயே திருகியிருந்தார்கள். பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. அதைச் சுரண்டி வெறும் உலோகத்தில் இறுக்க வேண்டும். நேர் வயர் என்ன தடிமனோ அதே தடிமனில், இயன்ற அளவு குட்டையாக இருக்க வேண்டும். ஒலிக்குறியைக் கொண்டுசெல்லும் மெல்லிய வயர்களையும் மின்வயரோடு ஒரே பக்கமாகக் கட்டியிருந்தார்கள். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் ஸ்பீக்கரில் கேட்ட கொசு ரீங்காரத்துக்கு இவையே காரணம் என்றார். அதுவரை அதைக் காரின் குரல் என்றே எண்ணியிருந்தேன்.

இனி வாட் கணக்குக்கு வருவோம். வரவு செலவு பார்த்தே பழகிய நமக்கு இது எளிதாகப் புரியும். ஆம்ப்ளிஃபையரின் பக்கவாட்டில் இரண்டு 20 ஆம்பியர் ஃபியூஸ்கள் செருகியிருந்தன. மொத்தம் 40. இயந்திரம் ஓடும்போது காரின் மின்னழுத்தம் ஏறத்தாழ 14 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 560 வாட். உள்ளே வரக்கூடிய வரவே அவ்வளவுதான். ஏ-பி வகை ஆம்ப்ளிஃபையர் தான் பெறும் மின்சாரத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் ஒலிக்குறியாக மாற்றும். மீதி வெப்பமாகப் போய்விடும். ஆக, வெளிவருவது 300 வாட்டை ஒட்டி இருக்கும். வரவு 560 உள்ளவர் 1200 செலவு செய்வதாகச் சொன்னால் நம் மேசையில் என்ன கேள்வி கேட்போமோ, அதைக் கடையிலும் கேட்கலாம். டி வகையில் எண்பது சதவீதத்துக்கு மேல் தேறும் என்பதால் கணக்கு சற்று மாறும். ஆனாலும் வரவை மிஞ்ச முடியாது. உள்ளே இருந்த குறிப்பேட்டில் உண்மை எழுதியிருந்தது: 4 ஓம் ஸ்பீக்கருக்கு ஒரு சேனலுக்கு 60 வாட் ஆர்.எம்.எஸ்., இரண்டு சேனல்களை இணைத்தால் 160. ஆர்.எம்.எஸ். என்பது தொடர்ந்து தரக்கூடிய திறன். பொன்னிற எழுத்து ஒரு கணத் துள்ளலைக் கற்பனையாகக் கூட்டிப் போட்ட எண். அமெரிக்காவில் சிஇஏ-2006 என்றொரு தர அளவீடு உண்டு, 14.4 வோல்டில், 4 ஓமில், சிதைவு ஒரு சதவீதத்தைத் தாண்டாமல் எத்தனை வாட் என்று அது கேட்கிறது. பெட்டியில் அந்தக் குறிப்பு இருந்தால் எண்ணை நம்பலாம்.

எண் சிறியதாக இருக்கிறதே என்று வருந்த வேண்டியதில்லை. 60 வாட்டை 120 ஆக்கினால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு அது சிறு வேறுபாடு. இருமடங்கு உரக்கக் கேட்பதாகத் தோன்ற வேண்டுமானால் பத்து மடங்கு வாட் தேவை.

என் காரின் உண்மையான நோய் வேறொன்று. ஆம்ப்ளிஃபையரில் கெய்ன் என்று ஒரு திருகு உண்டு. அதை எல்லோரும் வால்யூம் என்றே நினைக்கிறோம். "இது வால்யூம் இல்லை, சாப்" என்று முதியவர் இரண்டு முறை சொன்னார். முன்னால் உள்ள ஸ்டீரியோ தன் உச்சத்தில் 2 வோல்ட் குறியை அனுப்பலாம், 4 வோல்டும் அனுப்பலாம்; வகைக்கு வகை மாறும். அந்த உச்சமும் ஆம்ப்ளிஃபையரின் உச்சமும் ஒரே இடத்தில் சந்திக்கும்படி பொருத்திவைப்பதே கெய்னின் வேலை. வங்கி ஏட்டையும் வாடிக்கையாளர் ஏட்டையும் ஒத்திசைவுப் பட்டியலால் இணக்குகிறோமே, ஏறக்குறைய அதுதான். கெய்னைக் கூட்டுவதால் ஆம்ப்ளிஃபையருக்குப் புதுத் திறன் எதுவும் வந்துவிடாது. இருக்கும் திறன் வால்யூமின் பாதி வழியிலேயே தீர்ந்துபோகும், அவ்வளவே. கடையில் கண்ணாடி அதிர்ந்ததன் இரகசியமும் இதுவே. திருகை முக்கால் வட்டம் திருப்பிவைத்தால் வால்யூமைச் சிறிது தொட்டாலே கார் அலறும். வாடிக்கையாளர் மகிழ்ந்து பணம் தருவார்.

தீர்ந்த பிறகும் கூட்டினால் என்ன ஆகும்? படியில் நெல் அளப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். குவியலாக நிற்பதைக் கையால் தட்டிவிட்டால் மேற்பரப்பு தட்டையாகும். ஒலியலையும் அப்படித் தலைதட்டப்படுகிறது. வளைந்து ஏறி இறங்க வேண்டிய அலை, சதுரம்போல் ஆகிவிடுகிறது. ஒரே உயரமுள்ள சதுர அலையில் வளைந்த அலையைப்போல் இருமடங்கு திறன் இருக்கும். மூலப் பதிவில் இல்லாத கூர்மையான மேலொலிகளும் முளைக்கும். அவை போய்ச் சேரும் இடம் ட்வீட்டர். மயிரிழை போன்ற அதன் கம்பிச்சுருள் எரிந்துபோகிறது. வாட் கூடியதால் ஸ்பீக்கர் எரிந்தது என்று நாம் சொல்வோம். சிறிய ஆம்ப்ளிஃபையரைத் தலைதட்ட ஓட்டியதால் எரிந்தவை அவற்றுள் பல.

அவர் அதைச் சரிசெய்த முறையை விரிவாகவே எழுதுகிறேன். கேட்டு வாங்க வேண்டியது இதைத்தான். முதலில் ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றினார். கெய்னை முற்றிலும் குறைத்தார். ஸ்டீரியோவில் பேஸ், டிரெபிள், லவுட்னஸ் எல்லாவற்றையும் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தார். ஆம்ப்ளிஃபையரில் இருந்த பேஸ் பூஸ்ட் திருகை அணைத்து, இனி தொடாதீர்கள் என்றார். வெளிவர வேண்டிய மின்னழுத்தத்துக்கு ஒரு கணக்கு உண்டு: வாட்டை ஓமால் பெருக்கி, வர்க்கமூலம் காண வேண்டும். 60ஐ 4 ஆல் பெருக்கினால் 240. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 15.5 வோல்ட். சப்வூஃபருக்கு 160ஐ 4 ஆல் பெருக்கினால் 640, வர்க்கமூலம் 25.3 வோல்ட். இயந்திரத்தை ஓடவிட்டு, சோதனைக்கென்றே பதிவு செய்த ஒற்றை ஒலியை ஒலிக்கவிட்டு, மல்டிமீட்டரை ஏ.சி. வோல்டில் வைத்து ஆம்ப்ளிஃபையரின் வெளிமுனைகளில் தொட்டார். கழற்றுவதற்கு முன் கடைக்காரர் வைத்திருந்த நிலையைக் குறித்துக்கொண்டு, அதே நிலைக்குத் திருகைக் கொண்டுபோய் எனக்கு ஒரு முறை காட்டினார். ஸ்டீரியோவின் வால்யூம் 40க்கு 18ஐத் தொட்டபோதே மீட்டர் 15.5ஐத் தாண்டியது. ஹரித்வார் சாலையில் நான் 25இல் வைத்திருந்தேன். அப்பா கேட்டது நாதஸ்வரத்தை அல்ல, தலைதட்டிய படியை.

பிறகு வால்யூமை முக்கால் அளவான 30இல் நிறுத்தினார். அதற்குமேல் ஸ்டீரியோவே குறியைச் சிதைக்கக்கூடும். மீட்டர் 15.5ஐக் காட்டும் வரை கெய்னை மெல்லத் திருப்பினார். கால் வட்டம்கூட வரவில்லை. இதில் இரண்டு நுணுக்கங்கள் உண்டு. மலிவான மல்டிமீட்டர்கள் பல, வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸை அளக்கச் செய்யப்பட்டவை. 1000 ஹெர்ட்ஸில் தவறாகக் காட்டலாம். ஆகவே தாழ்ந்த ஒலியைக் கொண்டு, அதுவரை வடிகட்டிகளை அணைத்துவைத்து அளப்பது நல்லது. இரண்டாவதாக, பழைய கச்சேரிப் பதிவுகள் இன்றைய திரைப்பாடல்களைவிடத் தாழ்ந்த அளவில் பதிந்திருக்கும். உச்சக் குறியைக்கொண்டு கெய்னை வைத்தால் அவை மெலிந்து ஒலிக்கும். நாங்கள் கேட்பது பெரும்பாலும் கச்சேரி என்று சொன்னதும், 5 டெசிபல் குறைந்த சோதனை ஒலியைக்கொண்டு மீண்டும் ஒரு முறை வைத்தார். அதன்பின், புதிய பாட்டைப் போட்டால் 30 வரை போகாதீர்கள் என்று எச்சரித்தார். வாடிக்கையாளர் என்ன கேட்பவர் என்று விசாரித்து அளவு வைப்பதை நான் அதற்குமுன் எந்தக் கடையிலும் கண்டதில்லை.

கிராஸ்ஓவர் என்னும் வடிகட்டிகள் அடுத்தவை. கதவிலுள்ள சிறிய ஸ்பீக்கரை ஆழ்ந்த ஒலிகளுக்காக உழைக்கவிடக் கூடாது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளவை சப்வூஃபருக்கும் மேலுள்ளவை கதவுகளுக்கும் என்று பிரிப்பது தொடங்குவதற்கு ஏற்ற இடம். பிறகு காதை வைத்துச் சற்று ஏற்றி இறக்கலாம். சப்வூஃபரின் முனைகளை நேராகவும் தலைகீழாகவும் மாற்றிக் கேட்க வேண்டும். எந்த நிலையில் தாள ஒலி நிறைந்து, முன்னாலிருந்து வருவதுபோல் தோன்றுகிறதோ அதுவே சரி. தவறான நிலையில் கதவு தள்ளும் காற்றைச் சப்வூஃபர் இழுத்து, இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நம் நாட்டுக் கார்களில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்வதால் வலக்கதவின் ஒலி முந்தி வந்துவிடும் சிக்கலும் இருக்கிறது. ஒலி ஒரு மில்லி நொடியில் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் போகும். இடக்கதவு ஸ்பீக்கர் அரை மீட்டர் கூடுதல் தொலைவில் இருந்தால், வலப்பக்கத்தை ஒன்றரை மில்லி நொடி தாமதிக்கச் செய்யும் வசதி சில ஸ்டீரியோக்களில் உண்டு. பின்னிருக்கையில் அமரும் பெரியவருக்காக இசை வைப்பவர் அதைத் தேடி அலைய வேண்டாம்.

கதவைப் பற்றித் தனியே ஒரு சொல். ஸ்பீக்கரின் பெட்டியே கதவுதான். மெல்லிய தகடும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து அதிர்ந்தால், எவ்வளவு விலைகொடுத்து வாங்கிய ஸ்பீக்கரும் தகரக் குரலில்தான் பேசும். அதிர்வடக்கும் பியூட்டைல் தாளைக் கதவின் உட்புறம் ஒட்டி, ஸ்பீக்கரை உறுதியான வளையத்தில் இறுக்கினால் கிடைக்கும் தெளிவு, அதே பணத்துக்கு வாங்கும் கூடுதல் வாட்டில் கிடைப்பதில்லை. கதவின் அடியிலுள்ள மழைநீர்த் துளைகளை மட்டும் அடைத்துவிடக் கூடாது. தில்லிக் கோடையில் இன்னொன்று: வெயிலில் நின்ற காரில், இருக்கைக்கு அடியில் காற்றோட்டமின்றித் திணித்த ஆம்ப்ளிஃபையர் சூடேறித் தானே அணைந்துவிடும். அது பழுதல்ல, தற்காப்பு. இடத்தை மாற்ற வேண்டும்.

அவர் ஐந்து மணி நேரம் உழைத்தார். செம்பு வயர், பேட்டரியருகே ஃபியூஸ், ரப்பர் வளையம், புதிய ட்வீட்டர் இணை எல்லாம் போக, தம் கூலியாக 2,000 ரூபாய் கேட்டார். இரண்டு மணிக்கு என் மனைவி கொடுத்த தயிர்சாதத்தைக் கார்க் கதவைத் திறந்துவைத்துக்கொண்டே சாப்பிட்டார்.

மாலையில் அப்பாவை அழைத்து முன்னிருக்கையில் உட்காரவைத்தேன். அதே பதிவு. முன்பைவிடக் குறைந்த ஒலியிலேயே வைத்தேன். முதுமையில் செவி மந்தப்படும்போது மேல் ஒலிகளே முதலில் மறைகின்றன. கேட்கத் தொடங்கும் அளவுக்கும் காது வலிக்கும் அளவுக்கும் இடையிலுள்ள தொலைவும் பலருக்குச் சுருங்கிவிடுகிறது. உரக்கப் பேசாதே, தெளிவாகப் பேசு என்று முதியோர் சொல்வது பிடிவாதத்தால் அல்ல. சிதைந்த ஒலியைக் கூட்டிக் கொடுத்தது நான் அவருக்குச் செய்த இரட்டைத் தீங்கு. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். கீர்த்தனை தொடங்கிச் சற்று நேரத்தில் தொடையில் தாளம் போடத் தொடங்கினார். தனியாவர்த்தனத்தில் வலந்தலையின் விரற்கூட்டுச் சொற்களும் தொப்பியின் கோலடியும் தனித்தனியே விழுந்தன. "ரெண்டு தவில்டா இது. உங்கம்மா சொல்லிக்கிட்டே இருப்பா, நான்தான் ஒண்ணுன்னு சாதிச்சேன்" என்றார். நாற்பது நிமிடம் அந்தக் கார் நகரவே இல்லை.

இளைஞர்கள் உரத்த இசையை விரும்புவதை நான் குறைகூற வரவில்லை. நானும் அந்த வயதைக் கடந்தவன்தான். ஆனால் உலகச் சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம் வரை பாதுகாப்பு என்கிறது. 90 டெசிபலானால் 4 மணி நேரமே. மூடிய காருக்குள் 90ஐத் தொடுவதற்குப் பெரிய ஆம்ப்ளிஃபையர் எதுவும் தேவையில்லை. தினமும் ஒரு மணி நேரம் அலுவலகம் போய்வருபவர் கணக்கிட்டுக்கொள்ளலாம். சிவப்பு விளக்கில் கண்ணாடியை இறக்கிவிட்டுத் தெருவுக்கே கச்சேரி நடத்துவோரைப் பற்றி எழுதினால் இந்தக் கட்டுரையின் தொனி கெட்டுவிடும்.

எல்லோருக்கும் ஆம்ப்ளிஃபையர் வேண்டுமா என்றால், வேண்டாம் என்பேன். நகருக்குள் செய்தியும் பாட்டும் கேட்பவருக்கு, தொழிற்சாலையில் பொருத்திய ஸ்டீரியோவே போதும். குறை தோன்றினால் முன்கதவு ஸ்பீக்கர்களை மாற்றி, கதவை அடக்கிப் பார்க்கலாம். வாங்குவதென்று முடிவுசெய்தவர் மற்ற இரு செய்திகளையும் கவனிக்க வேண்டும். காரின் மூல வயர்களை வெட்டி ஒட்டினால் உற்பத்தியாளரின் உத்தரவாதம் பாதிக்கப்படலாம். அந்தந்தக் காருக்கென்று கிடைக்கும் கப்ளரைக் கொண்டு இணைக்கச் சொல்லுங்கள். அடுத்தது காப்பீடு. விலைப்பட்டியலில் இல்லாத மின்னணுப் பொருளை நாமாகப் பொருத்தினால், அதன் மதிப்பைப் பாலிசியில் தனியே அறிவித்துக் கூடுதல் பிரீமியம் கட்டினால்தான் அதற்குக் காப்பு உண்டு. இந்திய மோட்டார் டாரிஃபின் 24ஆம் ஒப்புதல் இதற்கென வகுத்திருந்த வீதம் மதிப்பில் 4 சதவீதம். 30,000 ரூபாய்ப் பொருளுக்கு ஆண்டுக்கு 1,200 ரூபாய். பில்லைப் பத்திரப்படுத்துங்கள். அதில் வேலைக்கும் ஒரு வரி இருந்தால், வயரிங்கில் கோளாறு நேரும்போது யாரிடம் போய்க் கேட்பது என்பதற்கும் ஒரு தாள் கையில் இருக்கும்.

குருகிராம் இளைஞரின் கொட்டேஷனில் "ஃபிட்டிங் இலவசம்" என்பதற்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு, இவற்றில் சிலவற்றைச் சொல்லி அனுப்பினேன். கடன் அதிகாரி கேட்க வேண்டிய கேள்வி இதுவல்ல என்று அவர் முகம் சொன்னது. மூன்றாம் நாள் தொலைபேசியில் அழைத்தார். முதல் கடையில் மீட்டர் எல்லாம் வேண்டியதில்லை, காதாலேயே வைத்துவிடுவோம் என்றார்களாம். இரண்டாவது கடையில் 1,500 ரூபாய் தனியே ஆகும், அரை நாள் காரை விட வேண்டும் என்றார்களாம். "என்ன பார்த்து வாங்கணும் சார்?" என்று கேட்டார். பேட்டரியருகே ஃபியூஸ், தகட்டுத் துளையில் ரப்பர் வளையம், பிளேடால் சுரண்டினால் உள்ளேயும் செம்பு, மீட்டரில் வரும் எண். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்.